அக்காவை அட்மிட் பண்ணலாமா? சாப்பிடாத நோய்க்கு வார்டுல உண்மையில என்ன நடக்கும்

ஒரு தம்பி எழுதிக் கேட்டது சுருக்கமா இதான். அக்காவுக்கு 26 வயசு. ஒன்றரை வருஷமா சாப்பாடு குறைஞ்சுக்கிட்டே வந்து ஆளே பாதியாயிட்டாங்க, ரெண்டு தடவை பாத்ரூம்ல மயங்கி விழுந்தாச்சு. கேஸ்ட்ரோ டாக்டர் எண்டோஸ்கோப்பி வரைக்கும் பார்த்துட்டு குடல்ல ஒண்ணும் இல்லைன்னு சைக்யாட்ரிக்கு அனுப்பிட்டார், அங்க இது அனோரெக்ஸியா, உடனே அட்மிட் ஆகணும்னு சொல்லிட்டாங்க. அக்கா வரமாட்டேங்கறாங்க, அம்மா "அங்க சேர்த்தா நாளைக்கு எவன் கட்டிக்குவான்"ங்கறாங்க, அப்பா வாயே திறக்கல. சேர்க்கலாமா, வலுக்கட்டாயமா சேர்க்க முடியுமா, உள்ள என்ன பண்ணுவாங்க, எத்தனை நாள்?

நான் டாக்டர் இல்ல, நர்ஸ். 14 வருஷம் சைக்யாட்ரி வார்டு, அதுல மூணு வருஷம் இங்கிலாந்துல பெரியவங்களுக்கான ஈட்டிங் டிஸார்டர் யூனிட்ல. அக்காவைப் பார்த்த டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. நான் சொல்றது வார்டுக்குள்ள இருந்து பார்த்தது.

முதல்ல ஒண்ணு. நீங்க அக்காவோட எடை எழுதியிருந்தீங்க, அதை நான் திருப்பி எழுதல. இதைப் படிக்கிற பத்து பேர்ல ஒரு பொண்ணுக்கு இந்த நோய் இருந்தா அந்த நம்பரை போட்டியா எடுத்துக்கும், "அவ அவ்வளவு இருக்கறப்ப எனக்கென்ன வியாதி"ன்னு. அதே மாதிரி வார்டுல யாரு என்னென்ன தந்திரம் பண்ணுவாங்கன்னும் எழுத மாட்டேன். கேட்காதீங்க.

சேர்க்கலாமான்னா, சேர்க்கணும். ரெண்டு தடவை மயங்கி விழுந்ததுக்கு அப்புறம் இது "மனசு சரியில்ல, கவுன்சிலிங் போகலாம்"ங்கற கட்டத்தைத் தாண்டிடுச்சு. மனநோய்கள்லயே உயிரிழப்பு ரொம்ப அதிகமா இருக்கற நோய்கள்ல அனோரெக்ஸியா ஒண்ணு. ஒரு பங்கு தற்கொலை, மீதியில பெரும்பங்கு உடம்பு தாங்காம போறது, அதுலயும் இதயம். பட்டினி கிடக்கற உடம்பு கொழுப்பை எரிக்கும், கூடவே தசையையும் எரிக்கும், இதயமும் தசைதானே. அதனாலதான் பல்ஸ் குறையுது, உட்கார்ந்து எழுந்தா பிரஷர் இறங்குது, கை கால் ஜில்லுன்னு இருக்கு. முழிச்சிருக்கும்போது பல்ஸ் 40க்கு கீழ போச்சுன்னா உலகத்துல எந்த கைட்லைனும் வீட்ல வச்சு பார்க்கலாம்னு சொல்லாது. இங்கிலாந்துல ராயல் காலேஜ் ஆஃப் சைக்யாட்ரிஸ்ட்ஸ் 2022ல போட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, 13க்கு கீழ போனாலே ரெட், உயிருக்கே ஆபத்துன்னு அர்த்தம், அதோட சேர்த்து பல்ஸ், எழுந்து நிக்கும்போது பிரஷர் எவ்வளவு விழுது, உடம்பு சூடு, பொட்டாசியம், ஈசிஜி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கை ஊணாம எழுந்திரிக்க முடியுதா, இத்தனையும் பார்க்கச் சொல்லுது. எடை ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. வேகமா இறங்கின எடையும், வாந்தி எடுக்கற பழக்கமும் இருந்தா பார்க்க நார்மலா இருக்கற ஆளுக்கே பொட்டாசியம் விழுந்து ஆபத்தாகும்.

இன்னொண்ணு, "பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துச்சு, அப்புறம் என்ன அவசரம்"னு அப்பா கேட்டா ஏமாந்துடாதீங்க. உடம்பு கடைசி வரைக்கும் ரத்தத்துல அளவை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கும், பிடி விட்டா ஒரே நாள்ல சரியும்.

இப்ப அக்கா ஏன் இப்படி இருக்காங்கன்னு புரிஞ்சாதான் உள்ள நடக்கறது புரியும். வீட்டுக்கே சமைச்சுப் போடறாங்க, ஆனா தான் சாப்பிடறதில்ல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப்ல சமையல் வீடியோ பார்க்கறாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, அதைப் படிச்சதும் எனக்கு மின்னசோட்டா பட்டினி ஆராய்ச்சிதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் முடியற நேரம், 1944 கடைசியில ஆரம்பிச்சு, ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி ராணுவத்துல சேர மறுத்த 36 இளைஞர்களை, நல்ல ஆரோக்கியமான பசங்களை, அவங்க சம்மதத்தோட 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். ஒருத்தருக்கும் ஒல்லியாகணும்னு ஆசை இல்ல. ஆனா வாரம் போகப் போக பசங்க சமையல் புஸ்தகம் சேகரிக்க ஆரம்பிச்சாங்க, தட்டுல இருக்கறதை துணுக்கு துணுக்கா வெட்டி ஒரு மணி நேரம் இழுத்தாங்க, யாரோடயும் பேசாம ஒதுங்கினாங்க, சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழுந்தாங்க. அதாவது நீங்க "அக்கா மாறிட்டாங்க, பிடிவாதம், திமிர்"னு நினைக்கறதுல ஒரு பெரிய பகுதி வெறும் பட்டினியோட வேலை. சாப்பாடு உள்ள போகாம அந்த மூளைகிட்ட எவ்வளவு அறிவுரை சொன்னாலும் ஏறாது. அதனாலதான் நல்ல வார்டுல முதல் ரெண்டு வாரம் பெரிய கவுன்சிலிங் எதுவும் நடக்காது. சாப்பாடுதான் மருந்து. "பத்து நாள் ஆச்சு, டாக்டர் உட்கார்ந்து பேசவே இல்ல"ன்னு நிறைய பேர் சண்டை போடுவாங்க, நீங்க போடாதீங்க.

நம்ம ஊர்ல இது லேட்டா கண்டுபிடிக்கறதுக்கும் காரணம் இருக்கு. குண்டாயிடுவேன்னு பயம்னு நம்ம பொண்ணுங்க நிறைய பேர் சொல்லவே மாட்டாங்க. "இறங்கல", "நெஞ்சுலயே நிக்குது", "வயிறு உப்புது"ன்னுதான் சொல்வாங்க. அதுக்கு அல்சர் மாத்திரை, தைராய்டு டெஸ்ட், டிபி டெஸ்ட், குலதெய்வம், செய்வினை எடுக்கறவர்னு ஒரு வருஷம் ஓடிடும். ஹாங்காங்ல சிங் லீன்னு ஒரு சைக்யாட்ரிஸ்ட் 1990கள்லயே இதை எழுதினார், அங்க நிறைய பேஷன்ட்டுங்களுக்கு குண்டாகற பயமே இல்லாம இதே நோய் வருதுன்னு. அதனால "அக்காவுக்கு ஸ்லிம் ஆகணும்னு ஆசையே இல்லையே, எப்படி அனோரெக்ஸியா"ன்னு குழம்ப வேணாம். டிபி, சர்க்கரை, குடல் வியாதி எல்லாம் இல்லைன்னு பார்த்தது சரிதான், அது தேவை. கேஸ்ட்ரோ டாக்டர் அதோட நிறுத்திட்டு சைக்யாட்ரிக்கு அனுப்பினாரே, அவருக்கு ஒரு கும்பிடு.

எங்க சேர்க்கறதுங்கறது அடுத்தது. சாப்பாட்டு நோய்க்குன்னே தனி வார்டு நம்ம பக்கம் அபூர்வம், பெரும்பாலும் ஜெனரல் சைக்யாட்ரி வார்டுதான். அதுல எனக்குப் பெரிய குறை இல்ல, ஆனா ஒரு கண்டிஷன்: அதே பில்டிங்ல மெடிசின் டாக்டரும் ஐசியூவும் லேபும் இருக்கணும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி சைக்யாட்ரி வார்டு, இல்ல பெரிய ஜெனரல் ஆஸ்பத்திரி. தோட்டம், யோகா ஹால்னு போட்டோ போட்டிருக்கற தனி ரீஹேப் சென்டருக்கு இந்த நிலைமையில கூட்டிட்டுப் போகாதீங்க. ராத்திரி பொட்டாசியம் இறங்கினா அங்க என்ன பண்ணுவாங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடுவாங்க.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நான் படிச்சு முடிச்ச புதுசுல ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல இருந்தேன். மூணு வாரமா ஏதோ தண்ணியும் மோரும் மட்டும் குடிச்சிட்டிருந்த ஒரு பொண்ணை கூட்டிட்டு வந்தாங்க. வந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் போட்டாச்சு, பாட்டி பாயசமும் ஜூஸும் மாத்தி மாத்தி ஊட்டினாங்க, நாங்க எல்லாரும் சந்தோஷமா "பாரு முகம் தெளிஞ்சிடுச்சு"ன்னு பேசிக்கிட்டோம். மூணாவது நாள் காலைல கால் ரெண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சு குழறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிடுச்சு. பிழைச்சா. அதுக்குப் பேர் ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு எனக்கே அப்புறம்தான் தெரியும். நாள்கணக்கா பட்டினி கிடந்த உடம்புக்குள்ள திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் எகிறும், அது ரத்தத்துல இருக்கற கொஞ்சநஞ்ச பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாத்தையும் செல்லுக்குள்ள இழுத்துடும், இதயமும் மூச்சுத் தசையும் படுத்துடும். போர்க் கைதிகளை விடுதலை பண்ணி வயிறு நிறைய சாப்பாடு போட்டப்ப செத்துப் போனதுலதான் இதை முதல்ல கவனிச்சாங்க. அதனால குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி தயமின் (வைட்டமின் பி1) ஊசி, சாப்பாடு அளவு பார்த்து ஆரம்பிச்சு ஏத்தறது, முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அடிக்கடி பாஸ்பேட் டெஸ்ட், லேப்ல அதைத்தான் பாஸ்பரஸ்னு எழுதுவாங்க. நீங்க ஆஸ்பத்திரியில கேட்க வேண்டிய ஒரே டெக்னிக்கல் கேள்வி இதான்: "பாஸ்பரஸ் பார்த்தாச்சா?" வழக்கமா எலக்ட்ரோலைட்ஸ்னு எழுதினா சோடியம், பொட்டாசியம், குளோரைடு மாதிரிதான் வரும், பாஸ்பரஸும் மக்னீசியமும் தனியா எழுதணும். வீட்ல இருந்தும் "இன்னைக்கு சாப்பிடறேன்னு சொல்லிட்டா"ன்னு சந்தோஷத்துல ஒரேயடியா ஊட்டிடாதீங்க.

சரி, வலுக்கட்டாயம். 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29ல இருந்து நடைமுறையில இருக்கு. வயசு வந்த ஆளு தானா கையெழுத்துப் போட்டு சேர்றது 86வது பிரிவு, முடிஞ்ச வரைக்கும் அப்படித்தான் சேர்க்கணும்னு சட்டமே சொல்லுது. அப்படி சேர்ந்தவங்க வீட்டுக்குப் போறேன்னா விட்டாகணும், ரொம்ப ஆபத்தான நிலைமைன்னு டாக்டர் நினைச்சா 24 மணி நேரம் வரைக்கும் நிறுத்தி வச்சு மதிப்பீடு பண்ணலாம், அவ்வளவுதான். அக்கா கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னா 89வது பிரிவு. நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ், அதாவது அக்கா சார்பா நிக்கறவர், விண்ணப்பம் தரணும். அக்கா யாரையும் எழுதி வைக்கலைன்னா கூட இருக்கற சொந்தக்காரங்க, அது அம்மாவாவோ நீங்களாவோ இருக்கலாம். ஒரு சைக்யாட்ரிஸ்டும் இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியா பார்த்து, தன்னைத்தானே கவனிச்சுக்க முடியாம தனக்கே ஆபத்து வர்ற அளவுல இருக்காங்க, சிகிச்சையைப் பத்தி சொந்தமா முடிவெடுக்கற நிலைமையில இல்ல, வேற வழியில்லைன்னு ரெண்டு பேரும் எழுதணும். இந்தப் பிரிவுல அதிகபட்சம் 30 நாள். பெண்ணா இருந்தா மூணு நாளுக்குள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகணும், ஏழு நாளுக்கு ஒருதரம் முடிவெடுக்கற திறன் திரும்பியிருக்கான்னு பார்க்கணும், திரும்பினா அவங்க சம்மதம் கேட்டுத்தான் மேற்கொண்டு. அக்காவே வாரியத்துக்கு மனு போடலாம், அதையும் அக்காகிட்ட சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

ஆனா 14 வருஷத்துல நான் பார்த்த வரைக்கும், சட்டம் வரைக்கும் போகாமலே பாதிப்பேர் வருவாங்க, எப்படிக் கேட்கறோம்ங்கறதைப் பொறுத்து. "நீ சரியாகற வரைக்கும் அங்க இரு"ன்னா யாரும் வர மாட்டாங்க. "ஹார்ட் பலவீனமா இருக்கு, ஒரு வாரம் மானிட்டர்ல பார்க்கலாம், நான் கூடவே இருக்கேன், அப்புறம் நீயும் டாக்டரும் பேசி முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அது பொய்யும் இல்ல. கோயிலுக்குப் போறோம், சித்தி வீட்டுக்குப் போறோம்னு கார்ல ஏத்தி ஆஸ்பத்திரி வாசல்ல இறக்காதீங்க. ஒரு அம்மா அப்படிப் பண்ணினாங்க. அந்தப் பொண்ணு 19 நாளும் அம்மா கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கல, நர்ஸ் கொடுத்தா குடிக்கும், அம்மா கொடுத்தா குடிக்காது.

உள்ள நடக்கறது எப்படின்னா. காலைல எழுந்து டாய்லெட் போயிட்டு வந்ததும் எடை, சில இடத்துல மெஷினுக்கு முதுகு காட்டி நிக்க வச்சுத்தான் பார்ப்பாங்க, நம்பர் சொல்ல மாட்டாங்க. அப்புறம் பல்ஸ், பிரஷர் படுத்தும் நின்னும். மூணு வேளை சாப்பாடு, நடுவுல மூணு தடவை ஏதாவது. ஒவ்வொரு வேளைக்கும் நேரம் உண்டு, அரை மணி, முக்கால் மணி. முடிச்சதும் ஒரு மணி நேரம் ஹால்ல எல்லார் கண்ணுலயும் படற மாதிரி உட்கார்ந்திருக்கணும், பாத்ரூம் கிடையாது. மாடிப்படி ஏறி இறங்கறது, ரூமுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கறது எல்லாத்துக்கும் தடை. கேட்க ஜெயில் மாதிரிதான் இருக்கும். முதல் வாரம் அக்கா போன் பண்ணி "என்னைக் கூட்டிட்டுப் போயிடு"ன்னு அழுவாங்க, நிச்சயமா அழுவாங்க, நீங்களும் அழுவீங்க.

ஒரு இட்லி கதை சொல்றேன். காலை எட்டு மணி, தட்டுல ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், தேங்காய் சட்னி. அந்தப் பொண்ணு எம்காம் கோல்டு மெடல். இட்லியை முதல்ல கடிகாரம் மாதிரி எட்டாப் பிரிச்சா, ஒவ்வொரு துண்டையும் திரும்ப நாலா.  நான் பக்கத்துல உட்கார்ந்து என் தட்டுல அதே ரெண்டு இட்லியை சாப்பிட்டுக்கிட்டே எங்க ஏரியா தண்ணி லாரிக்காரன் பண்ற அநியாயத்தைப் பத்தி பேசிக்கிட்டிருந்தேன். சாப்பிடு சாப்பிடுன்னு சொல்றது அங்க வேலைக்கு ஆகாது. முப்பதாவது நிமிஷம் ஒரு துண்டு கையில எடுத்தா, விரல் நடுங்குது, கண்ணுல தண்ணி நிக்குது, ஏதோ பாம்பைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கா. சாப்பிட்டா. அடுத்தது. நாப்பத்தஞ்சு நிமிஷத்துல ஒண்ணரை இட்லி. மீதிக்கு ஈடா சத்துப் பால் ஒரு டம்ளர். அதை அடம்னு சொல்றவங்க அந்த விரலைப் பார்க்கணும்.

வாயால சுத்தமா முடியலைன்னா ரைல்ஸ் ட்யூப், மூக்கு வழியா. கடைசி வழிதான் அது, எல்லாருக்கும் போட மாட்டாங்க. சில பொண்ணுங்க ட்யூப் போட்டதும் "அப்பாடா, நான் சாப்பிடலை, அவங்க போட்டாங்க"ன்னு நிம்மதியானதையும் பார்த்திருக்கேன், விசித்திரமான வியாதி. கட்டிப் போடுவாங்களா, இருட்டு ரூம்ல அடைப்பாங்களான்னு அம்மா கேட்டாங்களே. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில சங்கிலியோட 28 பேர் தீயில போனதை நம்ம அம்மாங்க யாரும் மறக்கல, அந்தப் பயம் நியாயம்தான். இப்ப சங்கிலி போடறதும் தனியா அடைக்கறதும் சட்டப்படி குற்றம். அந்த நிமிஷமே ஆபத்துன்னா மட்டும் டாக்டர் உத்தரவோட கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம், அதையும் எழுதி வைக்கணும். சொந்த டிரஸ் போட்டுக்கலாம், வலுக்கட்டாயமா மொட்டை அடிக்கக் கூடாது, போன் பேசலாம், யார் பார்க்க வரணும்னு அவங்களே சொல்லலாம்.

மாத்திரையைப் பத்தி ரெண்டு வரி. அனோரெக்ஸியாவுக்குன்னு அங்கீகரிச்ச மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் ஓயாத யோசனைக்கும் சின்ன டோஸ்ல ஒலான்சபின் சிலருக்குத் தருவாங்க. சாப்பிட்டு வாந்தி எடுக்கற புலிமியாவுக்கு ஃப்ளூக்செட்டின் உதவும், அது வேற.

எத்தனை நாள்? உடம்பு ஆபத்தைத் தாண்ட ரெண்டு மூணு வாரம், நம்ம ஊர் வார்டுல மொத்தம் நாலுல இருந்து எட்டு வாரம்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. நான் வேலை பார்த்த இங்கிலாந்து யூனிட்ல மாசக்கணக்கா இருப்பாங்க. வார்டுல வாரத்துக்கு அரைக் கிலோவுல இருந்து ஒரு கிலோ ஏறினா அது நல்ல வேகம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஒரு விஷயத்துல நம்ம ஊர்தான் எனக்குப் பிடிச்சிருக்கு, அங்க விசிட்டிங் டைம்ல மட்டும்தான் குடும்பம், இங்க ஒருத்தர் கூடவே தங்கலாம். வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல மையத்துல குடும்பத்தோட தங்கறது பல வருஷப் பழக்கம். தங்கற ஆளுக்கு சொல்லிக்கொடுத்துட்டா டிஸ்சார்ஜ் ஆனப்புறம் வீட்ல அந்த ஒரு மணி நேரத்தை யார் பார்த்துக்கறதுங்கற பிரச்சினை பாதி தீர்ந்துடும்.

சொல்லிக்கொடுக்கலைன்னா என்ன ஆகும்னா, மேல சொன்ன எம்காம் பொண்ணோட அம்மா மூணாவது வாரம் பாசமா கன்னத்தைத் தடவி "இப்பதான்டி கண்ணு லட்சணமா இருக்கே, கொஞ்சம் சதை போட்டிருக்கு"ன்னாங்க. ரெண்டு நாள் பச்சத் தண்ணி இறங்கல. உடம்பைப் பத்தி நல்லதாவும் பேசாதீங்க, கெட்டதாவும் பேசாதீங்க. வர்ற சொந்தக்காரங்க வாயை அடைக்கறது உங்க வேலை தம்பி, அப்பாவை அந்த வேலைக்கு வாசல்ல உட்கார வைங்க.

டிஸ்சார்ஜ்தான் இதுல கஷ்டமான கட்டம், அட்மிஷன் இல்ல. வார்டுல மணி அடிச்சா சாப்பாடு, வீட்ல யார் மணி அடிப்பா? போறதுக்கு முன்னாடியே எந்த வேளைக்கு யார் கூட உட்காருவா, வாரம் எங்க எடை பார்க்கறது, எவ்வளவு இறங்கினா திரும்ப அட்மிஷன்னு எழுதி அக்கா கையெழுத்தோட வச்சுக்கோங்க. சிபிடி மாதிரி பேச்சு சிகிச்சை அப்பதான் உண்மையிலயே வேலை செய்யும், அது ஒரு வருஷம் கூட போகும். திரும்ப சேர்க்க வேண்டி வந்தா தோத்துட்டோம்னு இல்ல, ரெண்டாவது தடவை சேர்ந்து தேறினவங்க நிறைய.

கல்யாணம். அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க, டாக்டரை சொல்லச் சொல்லுங்க, நம்ம வீட்ல கோட்டுப் போட்டவர் சொன்னாதான் ஏறும். 1794லயே ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்துல இருக்கு, அந்த ஊர் பேரையே நாம திட்டறதுக்கு வச்சிருக்கோம், அதை ஒரு நாள்ல மாத்த முடியாது. பேஷன்ட் விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஊருக்கு சொல்லணும்னா ஹார்ட் பலவீனம்னு சொல்லுங்க, அதுவும் உண்மைதானே. செலவுக்கு, இன்சூரன்ஸ் இருந்தா மற்ற வியாதிக்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் கொடுக்கணும்னு அதே சட்டத்தோட 21வது பிரிவு சொல்லுது. டெஸ்க்ல "சைக்யாட்ரி கவர் ஆகாது"ன்னா எழுத்துல வாங்குங்க, முக்கால்வாசி நேரம் எழுதித் தர மாட்டாங்க, அங்கயே வேலை நடந்துடும். அரசு மெடிக்கல் காலேஜ்ல அந்தக் கவலையே இல்ல.

நாளைக்கு காலைல பண்ண வேண்டியது: கேஷுவாலிட்டிக்குப் போய் ஈசிஜி, சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம். அதுக்கு முன்னாடி ராத்திரி திரும்ப மயங்கினாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, குழறிப் பேசினாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, 108. செத்துடலாம்னு ஏதாவது பேசினாங்கன்னா தனியா விடாதீங்க, 14416 டெலிமானஸ், அரசாங்க மனநல ஹெல்ப்லைன், எந்த நேரமும் தமிழ்லயே பேசுவாங்க. பைல லூசான பருத்தி டிரஸ், ஸ்வெட்டர், சாக்ஸ் வைங்க, அவங்களுக்கு ஏசி இல்லாமலே குளிரும். அக்கா வழக்கமா குடிக்கற டம்ளர் ஒண்ணு. பழைய ரிப்போர்ட் ஃபைல். எடை மெஷினை மட்டும் வீட்ல இருந்து இப்பவே எடுத்து பக்கத்து வீட்ல கொடுத்துடுங்க.